படுக்கைக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில்: நெஞ்சுச் சீழின் வரலாறு

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் எந்த மருத்துவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் வைக்கணும் என்றால் பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள். ரத்தம் ஏற்றணும் என்றால் யோசித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். ஆனால் "நெஞ்சுல சின்னதா ஒரு குழாய் போடணும்மா" என்று சொன்ன உடனே முகம் மாறிவிடும்.

"நெஞ்சுல ஓட்டையா? வேணாம் சார். இன்னும் நல்ல ஊசியா போட்டுப் பாருங்க."

பாட்டி கூட இருந்தால் இன்னும் ஒரு வரி சேரும். "குழாய் போட்ட புள்ள பொழைக்காதுன்னு சொல்வாங்களே தம்பி."

இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே பயம் மருத்துவர்களுக்கே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. நெஞ்சைத் திறந்து சீழை எடுத்த நோயாளிகளில் நிறையப் பேர் உண்மையாகவே இறந்துபோனார்கள். அது எப்போது மாறியது, எதனால் மாறியது என்பதைத்தான் இந்தத் தொடரில் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை.

நிமோனியா என்றால் நுரையீரலின் காற்றுப் பைகளில் கிருமித்தொற்று. இது உங்களுக்குத் தெரியும். அந்த நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய ஜவ்வுகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று நெஞ்சுக் கூட்டின் உட்பக்கம் ஒட்டியது. நடுவில் வழுக்கிக்கொண்டு நகர்வதற்குக் கொஞ்சூண்டு நீர் மட்டும் இருக்கும்.

நிமோனியா தீவிரமானால் இந்த இடைவெளியில் நீர் சுரக்கும். முதலில் தெளிவாக இருக்கும். கிருமி அதற்குள் இறங்கினால் கலங்கும். பிறகு ஃபைப்ரின் என்ற நார்ப்பொருள் உள்ளே சிலந்திவலை மாதிரி பின்னிக்கொண்டு, நீர் தனித்தனி அறைகளாகப் பிரிந்துவிடும். அப்படியே விட்டால் கெட்டிச் சீழாகி, நுரையீரல் மேல் ஒரு தோல் மாதிரி படிந்து, நுரையீரலை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதற்கு எம்பையீமா என்று பெயர்.

நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகிய மூன்றும்தான் குழந்தைகளில் இதைச் செய்யும் முக்கியமான பாக்டீரியாக்கள். காசநோயும் நெஞ்சில் நீர் கோர்க்க வைக்கும், ஆனால் அது வேறு கதை.

"ஊசியிலேயே சரி பண்ண முடியாதா?" நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில், நீர் கொஞ்சமாக இருக்கும்போது முடியும். பல குழந்தைகள் அப்படியே சரியாகிறார்கள். ஆனால் ஊசி மருந்து ரத்தத்தில் ஏறித்தான் எங்கேயும் போகும். தேங்கிய சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பில் எங்கே பெரிய கட்டி வந்தாலும் கீறிவிடச் சொல்கிறோம் அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும்.

இந்தக் கணக்கை ஏறக்குறைய 2400 வருஷத்துக்கு முன்பே ஒருவர் புரிந்துவைத்திருந்தார்.

கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ். அவர் பெயரில் வழங்கும் நூல்களில் நெஞ்சுச் சீழுக்கான வைத்தியம் நம்ப முடியாத அளவுக்கு விவரமாக இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் இல்லை, எக்ஸ்ரே இல்லை. நோயாளியை அசையாமல் உட்காரவைத்து, ஒருவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் தோளைப் பிடித்துக் குலுக்குவார். எந்தப் பக்கம் தண்ணீர் அலம்பும் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் சீழ். (இளநீர் வாங்கும்போது காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறோமே, அதேதான்.) எந்த இடத்தில் வெட்டுவது என்று பார்க்க, ஈரக் களிமண்ணில் நனைத்த துணியை நெஞ்சில் சுற்றுவார்கள். எங்கே முதலில் காய்கிறதோ அங்கே சூடு அதிகம், அங்கே கீறு.

கீறிய பிறகு செய்ததுதான் இன்னும் முக்கியம். சீழை முழுசாக ஒரே நேரத்தில் வெளியே விடமாட்டார்கள். கொஞ்சம் விட்டு, துணித்திரியால் அடைத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் கொஞ்சம் விடுவார்கள். மொத்தமாக வெளியேற்றினால் நோயாளி இறந்துவிடுவார் என்று எழுதியே வைத்திருந்தார்கள். பிறகு சூடான ஒயினும் எண்ணெயும் விட்டுக் கழுவுவது, உள்ளே ஒரு தகரக் குழாய் வைப்பது என்று சிகிச்சை போகும். வரும் சீழ் வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் பிழைப்பார், ரத்தமும் சேறும் கலந்து நாற்றமடித்தால் பிழைக்கமாட்டார் என்ற கணிப்பும் உண்டு.

ஏன் மெதுவாக வெளியேற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பார்த்திருக்கிறார்கள். அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க 1918 வரை ஆனது. நடுவில் உள்ள இரண்டாயிரம் வருஷத்தை நான் தாவிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

ஒரே ஒரு ஆளை மட்டும் சொல்லணும். துப்புய்ட்ரேன், பாரீஸ் நகரத்தின் மிகப் பெரிய அறுவை மருத்துவர். 1835ல் அவருக்கே நெஞ்சில் சீழ் கட்டியது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னபோது, சர்ஜன் கையால் சாவதை விடக் கடவுள் கையால் சாவதே மேல் என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மறுத்தார், இறந்தார். நம் வார்டு பாட்டி சொல்வதும் இவர் சொன்னதும் ஒன்றுதான் இல்லையா?

இப்போது பாட்டிலுக்கு வருவோம்.

1872. லண்டனில் வில்லியம் ஸ்மௌல்ட் பிளேஃபேர் என்ற மருத்துவர். பிரசவ மருத்துவத்தில் பேர்போனவர், இளவயதில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர். நெஞ்சில் சீழ் கட்டிய ஒரு குழந்தைக்கு அவர் குழாய் போட்டார். குழாயின் மறுமுனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். அவ்வளவுதான் விஷயம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் இன்றைக்கும் நாங்கள் செய்வது அடிப்படையில் இதையேதான்.

ஏன் தண்ணீர்?

நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைகிறது. அந்த இழுவிசையில்தான் நுரையீரல் விரிகிறது. நெஞ்சில் சும்மா ஒரு ஓட்டை போட்டுவிட்டால், சீழ் வெளியே வரும்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே பாயும். நுரையீரல் விரிவதற்குப் பதிலாகச் சுருங்கிப்போகும்.

பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். பாட்டிலிலும் அப்படித்தான், குழந்தை இருமும்போதும் மூச்சு விடும்போதும் சீழும் காற்றும் தண்ணீர் வழியாக வெளியே வந்துவிடும். திரும்ப உள்ளே போகப் பார்த்தால் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. குழந்தை மூச்சு இழுக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் சில சென்டிமீட்டர் ஏறும், இறங்கும். அவ்வளவுதான். வால்வு இல்லை, மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம்.

அதனால்தான் "பாட்டிலைத் தூக்காதீங்க, தூக்காதீங்க" என்று நர்ஸ் அக்கா கத்துகிறார். குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப்போகும்போது கையோடு உயர்த்திப் பிடித்தால், பாட்டிலில் இருப்பது திரும்ப நெஞ்சுக்குள் இறங்கிவிடும். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான். தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது குழாய் அடைக்காமல் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கோட்ஹார்ட் பூலாவ் என்பவரும் 1875லேயே இதைச் செய்து, 1891ல் விரிவாக எழுதினார். அவர் சர்ஜன் கிடையாது, பொது மருத்துவர். அந்த நாட்டில் இன்றைக்கும் இந்தக் குழாய்க்கு அவர் பெயர்தான்.

இவ்வளவு நல்ல விஷயம் கிடைத்த பிறகு எல்லோரும் இதற்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கிருமிநாசினியும் மயக்க மருந்தும் வந்து அறுவை சிகிச்சை வேகமாக வளர்ந்த காலம் அது. விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்சைப் பெரிதாகத் திறந்து சீழைக் கொட்டுவதே "முறையான" வைத்தியம் என்று ஆகிவிட்டது. அதில் ஓரளவு பிழைக்கவும் செய்தார்கள். அதுதான் சிக்கலே. யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள், ஏன் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்க்க வைத்தது ஒரு போர்.

1917 கடைசியில் அமெரிக்கா முதல் உலகப்போருக்காக லட்சக்கணக்கான இளைஞர்களை ராணுவ முகாம்களில் அடைத்தது. கிராமத்துப் பையன்கள், நெருக்கமான கொட்டகைகள், குளிர்காலம். தட்டம்மை பரவியது. தட்டம்மைக்குப் பின்னால் நிமோனியா. நிமோனியாவுக்குப் பின்னால் நெஞ்சில் சீழ். இந்த முறை பெரும்பாலும் நிமோகாக்கஸ் இல்லை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ். சர்ஜன்கள் வழக்கம்போல நெஞ்சைத் திறந்தார்கள். பையன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். முகாம்களின் சராசரி இறப்பு 30 சதவீதம். சில முகாம்களில் அதைவிட மிக மோசம்.

ராணுவம் 1918ல் ஒரு குழுவை அமைத்தது. எம்பையீமா கமிஷன் என்று பெயர். வர்ஜீனியா மாநிலத்தின் கேம்ப் லீ முகாமில் வேலை செய்த அந்தக் குழுவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன் இருந்தார். வயது 35 தான். ரிச்சர்ட் பெல் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து அவர் நாய்களை வைத்துப் பரிசோதனை செய்தார்.

அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தது இது. நெஞ்சுக்கு நடுவே, இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் இருக்கும் பகுதி ஒரு சுவர் மாதிரி. வலது பக்கம் திறந்தால் வலது நுரையீரல்தான் சுருங்கும், இடது பக்கம் சமாளித்துக்கொள்ளும்.

கிரஹாமும் பெல்லும் இரண்டு பக்கமும் அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கத்திலும் அழுத்தம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மாறியது. நடுவில் இருந்தது சுவர் இல்லை, வாசலில் தொங்கவிடும் திரை மாதிரி. ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் சாய்கிறது. ஆக ஒரு பக்கம் ஓட்டை போட்டால் இரண்டு நுரையீரலும் நசுங்குகின்றன. நல்ல உடம்புக்காரன் சின்ன ஓட்டையைத் தாங்குவான். ஏற்கெனவே நிமோனியாவில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவன் தாங்கமாட்டான். குழந்தைகளில் இந்தத் திரை இன்னும் நெகிழ்வானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் முன்பு ஏன் சிலர் பிழைத்தார்கள்? நிமோகாக்கஸ் சீழ் கெட்டியாவதற்குள் நுரையீரலும் நெஞ்சுச் சுவரும் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, திரை விறைத்துப்போயிருக்கும். அப்போது திறந்தால் நுரையீரல் சுருங்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்படி அவகாசம் தருவதில்லை. ஓரிரு நாளில் தண்ணியாக லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்துவிடும், எதுவும் ஒட்டியிருக்காது. அந்த நேரத்தில் கத்தியோடு வந்த சர்ஜன்தான் பையனைக் கொன்றார். கடுமையான வார்த்தைதான். ஆனால் அந்தக் கமிஷன் சொன்னதன் சாரம் அதுவே.

புதிய விதிகள் இப்படி வந்தன. நிமோனியா தீவிரமாக இருக்கும்போது நெஞ்சைத் திறக்காதே, காற்று புகாதபடி ஊசியாலோ மூடிய குழாயாலோ நீரை எடு. சீழ் தங்கும் குழியைச் சீக்கிரம் சுத்தம் செய்து, நுரையீரலை விரியவைத்துக் குழியே இல்லாமல் செய். மூன்றாவதாக, நோயாளிக்குச் சாப்பாடு கொடு.

இந்த மூன்றாவதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சீழோடு சேர்ந்து உடம்பின் புரதமும் தினமும் வெளியே போகிறது, அதை உணவில் ஈடுகட்டாவிட்டால் ஆள் தேறமாட்டான் என்று 1918லேயே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் இன்றைக்கும் "காய்ச்சல் புள்ளைக்கு முட்டை ஆகாது" என்று சொல்லி வெறும் கஞ்சித்தண்ணியும் ரஸ்க்கும்தான் போகிறது. நெஞ்சுக்குழாய் போட்ட குழந்தைக்கு முட்டை, பருப்பு, பால் எல்லாம் கொடுங்கள். முழுங்க முடிகிற எதுவும் கொடுங்கள்.

இந்த விதிகளைக் கடைப்பிடித்த பிறகு கேம்ப் லீ முகாமில் இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் என்பதைக் கவனிக்கணும். பெனிசிலின் கண்டுபிடிக்கவே இன்னும் பத்து வருஷம் இருந்தது.

(கிரஹாம் பற்றி ஒரு கிளைக்கதை. புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலையும் ஒரே அறுவை சிகிச்சையில் எடுத்து, நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் மருத்துவரும் இவரே, 1933ல். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காட்டிய 1950ஆம் ஆண்டு ஆய்விலும் இவர் பெயர் இருக்கிறது. அவரே நெடுநாள் புகைத்தவர். 1957ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். 1933ல் அவரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி அவருக்குப் பின்னாலும் உயிரோடு இருந்தார்.)

விதி தெரிந்தால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்றில்லை. நவீன மருத்துவத்தின் தந்தைகளில் ஒருவர் என்று நாங்கள் படிக்கும் வில்லியம் ஆஸ்லர், 1919 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் இதே நோயில்தான் இறந்தார். நிமோனியா, நெஞ்சில் சீழ், அதை வெளியேற்றிய பிறகும் பலனில்லை.

1940களில் பெனிசிலின் வந்தது. நெஞ்சுச் சீழ் ஒழிந்தது என்றே நினைத்தார்கள். சில வருஷம் அப்படித்தான் தெரிந்தது. 1950களில் பெனிசிலினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிளம்பியது. அது ஒரு வயதுகூட ஆகாத கைக்குழந்தைகளைக் குறிவைத்தது. காலையில் லேசான சளி, மாலையில் மூச்சுத் திணறல். நுரையீரலில் பலூன் மாதிரி காற்றுக்குமிழ்கள் உருவாகி, அவை உடைந்து நெஞ்சுக்குள் சீழும் காற்றும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். 1960 வாக்கில் மெதிசிலின் வந்து கொஞ்சம் கைகொடுத்தது. பிறகு அதற்கும் மசியாத ரகம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம், அந்தச் சிலந்திவலை ஃபைப்ரினைக் கரைக்க வழி தேடினார்கள். நியூயார்க்கின் வில்லியம் டில்லெட், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சுரக்கும் ஒரு பொருள் ரத்தக்கட்டியைக் கரைப்பதை 1933ல் கண்டுபிடித்தார். 1949ல் அதையே நோயாளிகளின் நெஞ்சுக்குள் குழாய் வழியாகச் செலுத்தினார். சீழ் கட்டவைக்கும் கிருமியிடமிருந்தே சீழைக் கரைக்கும் மருந்து. மாரடைப்புக்குப் போடும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதேதான். முதலில் வேலை செய்தது நெஞ்சுச் சீழில்.

இன்று குழந்தைகளுக்கு யூரோகைனேஸ் போன்ற மருந்துகளைக் குழாய் வழியாகக் கொடுக்கிறோம். இன்னொரு வழி, சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் வாட்ஸ் அறுவை சிகிச்சை. எது சிறந்தது? லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 60 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2006ல் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் தங்கிய நாட்களில் வித்தியாசம் இல்லை, செலவு மருந்து முறையில் குறைவு. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "கேமரா ஆபரேஷன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று நகையை அடகு வைத்துக்கொண்டு குழந்தையோடு ஊர் ஊராக அலைகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த அலைச்சலில் போகும் இரண்டு நாளில்தான் தண்ணியாக இருந்தது வலையாகி, வலை தோலாகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நேரத்தில் போட்ட ஒரு குழாய், சரியான ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் கரைக்கும் மருந்து போதும். அதிலும் சரியாகாத சிலருக்குத்தான் அறுவை சிகிச்சை.

எப்போது சந்தேகப்படணும்? நிமோனியாவுக்கு மருந்து ஆரம்பித்து 48 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல் அப்படியே இருந்தால். மூச்சு வேகம் குறையாமல் இருந்தால். குழந்தை எப்போதும் ஒரே பக்கமாகச் சுருண்டு படுத்தால். சட்டையைக் கழற்றிப் பார்க்கும்போது நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் சரியாக ஏறி இறங்காவிட்டால். "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று வீட்டில் உட்காராதீர்கள். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தால் நீர் இருக்கிறதா, எவ்வளவு, வலை பின்னியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பெரியவர்களை விடக் குழந்தைகள் இதில் கொடுத்துவைத்தவர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது எடுக்கும் எக்ஸ்ரே பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சுத்தமாகிவிடும். ஓடுவார்கள், கத்துவார்கள், விலாவில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கும்.

கடைசியாகத் தடுப்பூசி. இதிலும் கதை நேர்க்கோட்டில் போகவில்லை. ஏழு வகை நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி அமெரிக்காவில் 2000ல் வந்தது. ரத்தத்தில் பரவும் தொற்றும் மூளைக்காய்ச்சலும் குழந்தைகளில் மளமளவென்று குறைந்தன. ஆனால் நெஞ்சுச் சீழ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. உண்மையில் அது 1990களிலேயே ஏற ஆரம்பித்திருந்தது. நெஞ்சில் சீழ் கட்டவைப்பதில் கெட்டிக்கார ரகங்களான 1, 3, 19ஏ ஆகியவை அந்த ஏழில் இல்லை. இந்த மூன்றும் அடங்கிய பதின்மூன்று ரகத் தடுப்பூசி 2010ல் வந்த பிறகு எண்ணிக்கை இறங்கியது.

இந்தியாவில் 2017ல் சில மாநிலங்களில் இந்த பி.சி.வி. தடுப்பூசி அரசுத் திட்டத்தில் தொடங்கி, 2021ல் நாடு முழுக்க வந்தது. தமிழ்நாட்டில் அந்த வருஷம் ஜூலை மாதம். அதற்கு முன்பு தனியாரில் ஒரு டோஸுக்கே சில ஆயிரம் ரூபாய். இப்போது இங்கேயே தயாராகும் பத்து ரகத் தடுப்பூசியும் இருக்கிறது. அதில் 1ம் 19ஏவும் உண்டு, 3 இல்லை. ஆக முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். நெஞ்சுச் சீழுக்கு இன்னொரு காரணமான ஹிப் கிருமிக்கான பாதுகாப்பு, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதலில் அரசுத் திட்டத்தில் தொடங்கியது. பென்டா ஊசி என்று சொல்கிறோமே, அதற்குள் இருக்கிறது. தட்டம்மை ஊசியும் இந்தக் கணக்கில் சேரும். கேம்ப் லீ பையன்களுக்கு எல்லாம் ஆரம்பித்தது தட்டம்மையில்தானே.

வீட்டில் இருக்கும் தடுப்பூசி அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பி.சி.வி. என்று மூன்று இடத்தில் தேதி போட்டிருக்க வேண்டும். 6 வாரம், 14 வாரம், 9 மாதம். ஏதாவது ஒன்று காலியாக இருந்தால், குழந்தைக்கு ஒரு வயது தாண்டுவதற்குள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். அங்கே காசு கிடையாது.